மாளிகைமேடு: சோழர் அரண்மனையின் கட்டுமானமும் அழிவும்

நெய்வேலி நகரியத்திற்குத் தெற்கே, வெள்ளாற்றுக்கு அப்பால், நேர்க்கோட்டில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கங்கைகொண்ட சோழபுரம் அமைந்துள்ளது. முதலாம் இராசேந்திரன் நிறுவிய இத்தலைநகர் ஏறக்குறைய 250 ஆண்டுகள் சோழர் ஆட்சியிருக்கையாக விளங்கியது. அவன் எடுப்பித்த கற்றளி இன்றும் நிலைத்து நிற்கிறது. அவனது அரண்மனையோ கோயிலுக்குத் தென்மேற்கே, உட்கோட்டையை அடுத்த மாளிகைமேட்டில், அடித்தளச் சுவர்களாக மட்டுமே எஞ்சியுள்ளது. பாண்டியர் படையெடுப்பே இவ்வழிவிற்குக் காரணம் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. இக்கூற்று மறுஆய்வுக்குரியது.

வீரராசேந்திரன் காலக் கல்வெட்டு இவ்வரண்மனையைச் 'சோழகேரளன் திருமாளிகை' என்று குறிப்பதோடு, ஆதிபூமி, கீழைச் சோபானம் என்னும் பகுதிகளையும், மாவலி வாணாதிராசன் எனப் பெயரிய இருக்கையையும் சுட்டுகிறது. தரைத்தளத்தை 'ஆதிபூமி' என வேறுபடுத்திக் கூறுவதால், அதன்மேல் தளங்கள் இருந்தமை புலனாகும். முதலாம் குலோத்துங்கனின் 49ஆம் ஆட்சியாண்டுக் (1119) கல்வெட்டில் 'கங்கைகொண்ட சோழ மாளிகை' என்னும் பெயரும் இடம்பெறுகிறது.

தமிழ்நாடு தொல்லியல் துறை 1980 முதல் இங்கு மேற்கொண்ட அகழாய்வுகளில் செங்கற் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள் முதலியன வெளிப்பட்டன. தூண்களைத் தாங்கிய கருங்கல் அடிக்கற்கள் கிடைத்தனவேயன்றித் தூண்கள் கிடைக்கவில்லை. அவை மரத்தாலானவை எனக் கருதப்படுகின்றன. ஆகவே இது செங்கல்லும் மரமும் ஓடும் இணைந்த கட்டடம். ஒருகாலத்தில் சோழராட்சிக்கு உட்பட்டிருந்த பொலன்னறுவையில், 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு கட்டிய அரண்மனை இவ்வகையில் ஒப்புநோக்கத்தக்கது. அங்கு மேல்தள உத்திரங்கள் பொருந்திய துளைகள் தடித்த செங்கற் சுவர்களில் இன்றும் காணப்படுகின்றன. உத்திரங்கள் மட்டும் இல்லை. மாளிகைமேட்டிலோ சுவர்களே இல்லை.

சுவர்கள் எங்கே போயின? முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியனின் மெய்க்கீர்த்தி எரியூட்டப்பட்டனவாகக் கூறும் நகரங்கள் தஞ்சையும் உறந்தையுமே. அச்செய்தியைக் கங்கைகொண்ட சோழபுரத்திற்கும் நீட்டுவது ஊகமாகும். போர்களில் இந்நகர் சேதமுற்றிருக்கலாம். ஆயினும் தீ செங்கல்லை இல்லாமற் செய்வதில்லை. அதைப் பெயர்த்தெடுப்பவர் மனிதரே. வட்டார மக்கள் நெடுங்காலம் இம்மேட்டைத் தோண்டி, வீடு கட்டச் செங்கல் எடுத்துவந்தனர். கோயிலும் இதற்கு விலக்கன்று: 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது அதன் திருச்சுற்று மதிற்கற்கள் பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்டன. பாண்டியர்மீது பழிசுமத்தும் நூல்கள் பல, ஆங்கிலேயப் பொறியாளர்களை ஏனோ எளிதில் மறந்துவிடுகின்றன.

செங்கல் பெயர்த்த பள்ளங்களும் சான்றுகளே. சுவர் ஓடிய திசையையும் அகலத்தையும் அவற்றில் நிரம்பிய மண்ணின் நிறவேறுபாட்டைக் கொண்டு மீட்டெடுக்கலாம். மேல்மண் கலையாதிருந்தாலன்றி இது இயலாது. நெய்வேலியைப் போன்றே செயங்கொண்டம் வட்டாரத்திலும் பழுப்பு நிலக்கரிப் படிவம் உண்டு. திறந்தவெளிச் சுரங்கம் மேல்மண் முழுவதையும் அகற்றிய பின்னரே தொடங்கும். எனவே உட்கோட்டையைச் சூழ்ந்த அகழப்படாத மேடுகளை அளந்து வரைபடமாக்கும் பணி, புதிய அகழ்வுக் குழிகளுக்கும் முன்னதாக நிகழவேண்டும்.