டிரில் மாஸ்டர் முதல் கூடைப்பந்துத் திடல் வரை: தேனி வட்டாரத்தில் விளையாட்டும் வாழ்க்கைத் திறனும்

முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், உணர்ச்சியைக் கையாளுதல் என வாழ்க்கைத் திறன்களை உலக சுகாதார நிறுவனம் பத்தாக வகுத்தது 1990களின் தொடக்கத்தில். வளரிளம் பருவத்தினருக்கான விளையாட்டுத் திட்டங்கள் அந்தச் சொல்லைச் சூடிக்கொண்டது அதன் பிறகுதான். தேனி, கம்பம் பள்ளத்தாக்கு வட்டாரத்திலோ பெயர் வருமுன்பே காரியம் நடந்துகொண்டிருந்தது. அது வந்து சேர்ந்த வழியைத் தேடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் உள்ளே அடைபட்டு முரண்டுபிடித்த ஒரு வகுப்பைச் சமாளிக்கவே ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். பந்தை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது, இடிக்கக்கூடாது, பிடித்துத் தள்ளக்கூடாது என்று முதல் விதிகளே கையையும் கோபத்தையும் அடக்கச் சொல்கின்றன. அதாவது, பிறக்கும்போதே அது ஓர் இளைஞர் திட்டம். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக், 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அதுவரை பள்ளிகளில் பெரும்பாலும் டிரில்தான்: வரிசையில் நில், கட்டளைக்குத் திரும்பு. பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் ஊர்ப் பள்ளிகளுக்குப் போகப்போக, டிரில் மாஸ்டர் இருந்த இடத்தில் பி.டி. வாத்தியார் வந்தார். கட்டளைக்குக் கீழ்ப்படிந்த பையன் இப்போது அணிக்குள் தானே முடிவெடுக்க வேண்டியதாயிற்று.

இந்த விதை தேனியை அடுத்த பெரியகுளத்தில் நன்றாகவே முளைத்தது. அங்குள்ள சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப், பி.டி.சிதம்பர சூரியநாராயணன் நினைவுச் சுழற்கோப்பைக்கான அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடத்திவருகிறது. மே மாதத்தில், மின்னொளியில், இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கடற்படை, கேரள மின்வாரியம் போன்ற அணிகள் இறங்கியிருக்கின்றன. பதினான்கு வயதுப் பையனுக்கு இது வெறும் வேடிக்கையன்று. பந்தைப் பிடித்துப் பழகியவருக்கு வங்கியில் வேலை கிடைத்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறான். எதிர்காலத்தைத் திட்டமிடுவது பற்றி வகுப்பெடுப்பதைவிட இது வலுவானது என்பது என் கருத்து.

கிராமங்களில் கதை வேறு. கபடிக்குப் பலகையும் வேண்டாம், பந்தும் வேண்டாம். அதன் ஒரு விதியைக் கூர்ந்து பார்க்கலாம். அவுட் ஆனவர் கோட்டுக்கு வெளியே உட்கார வேண்டும். தன் முயற்சியால் உள்ளே வர முடியாது. தன் அணியினர் எதிரணியில் ஒருவரை அவுட்டாக்கினால் ஒருவர் உள்ளே வரலாம், அதுவும் வெளியேறிய வரிசைப்படியே. துடிப்பான ஆட்டக்காரன்கூடத் தன் முறைக்குக் காத்திருந்தாக வேண்டும். பொறுமையையும் பிறரைச் சார்ந்திருப்பதையும் விதியே உடம்புக்குப் பழக்குகிறது.

ஆனாலும் களத்தில் பழகியது வீட்டுக்கும் வகுப்புக்கும் தானாக நடந்து வந்துவிடாது. அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் டேனிஷ் வலியுறுத்தியது இதைத்தான்: திறனுக்குப் பெயர் சொல்லி, களத்துக்கு வெளியே அதை எங்கே பயன்படுத்துவது என்று காட்டித்தர வேண்டும். ஆட்டம் முடிந்ததும் "தோத்துக்கிட்டிருந்தப்ப ஏன்டா கத்துன?" என்று உட்கார வைத்துப் பேசும் பயிற்சியாளர் அதைச் செய்கிறார், கோப்பையை மட்டும் எண்ணுபவர் செய்வதில்லை.

பயிற்சியாளருக்கு அப்பால் அரசு அமைப்பும் வளர்ந்தது: தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992-இல் அமைந்தது; மதுரையிலிருந்து பிரிந்து தேனி தனி மாவட்டமானது 1997-இல். பள்ளிப் போட்டிகள் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏணிபோல் ஏறுகின்றன. ஏணியின் குறை, முதல் படியிலேயே பெரும்பாலோர் கழிந்துபோவது. சான்றிதழ் வாங்காத பிள்ளைக்கு அதன்பின் மைதானத்தில் வேலையில்லை. பெண்பிள்ளைகள் அதற்கும் முன்பே விலகிவிடுகிறார்கள்: தாய் ஏலக்காய்த் தோட்ட வேலை முடிந்து ஜீப்பிலிருந்து இறங்கும்வரை தம்பியையும் அடுப்பையும் பார்த்துக்கொள்வது மூத்த மகள். மாலைப் பயிற்சி நடப்பதும் அதே நேரத்தில்தான். காலைப் பாடவேளைக்குள் விளையாட்டைக் கொண்டுவரும் பள்ளிகளில்தான் அவளுக்கு இடமுண்டு. அந்த உடற்கல்விப் பாடவேளையையும் தேர்வு நெருங்கும்போது கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார்.