ஒன்றா, இரண்டா?

பட்டினப்பாக்கத்தில் செம்படவ முதியவர் ஒருவர் மூன்று புரி சேர்த்துக் கயிறு திரிப்பதை ஒருநாள் பார்த்து நின்றேன். நேயர்களே, அடையாற்றுக்கு அப்பால், கிண்டியிலே, அணுக்களால் திரித்த இத்தகைய கயிறு ஒன்று முன்பே ஆராயப்பட்டது. தோலுக்கும் தசைநாணுக்கும் வலுவளிக்கும் கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகளாலானது என்று, 1954-ஆம் ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அறிவித்தனர்.

இழைகளைப் பிணைப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு பிணைப்பு என்றது சென்னை. ஒன்றுதான், இரண்டு வைத்தால் அணுக்கள் அளவுமீறி நெருங்கிவிடும் என்றனர், 1955-இல், ரிச்சும் கிரிக்கும். எக்ஸ் கதிர்ப் படத்தில் ஹைட்ரஜன் அணு தெளிவாகத் தெரியாமையே இவ்வழக்கின் வேர். ராமச்சந்திரன் ஓயவில்லை. அணுக்கள் எதுவரை நெருங்கலாம் என்று கணக்கிடலானார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் அவர் வெளியிட்ட வரைபடம் அக்கணக்கிலே பிறந்தது. புரத அமைப்புகளை இன்றும் அதில் வைத்தே சரிபார்க்கிறார்கள். நேரடிப் பிணைப்பு ஒன்றே என்பது பின்னர் நிலைபெற்றது. ஆயினும் வென்ற விடையைவிடத் தோற்ற விடையே அதிகம் ஈந்தது என்பேன்.

ஹைட்ரஜன் அணுவையே நேரில் விசாரிக்கும் முறை, அணுக்கருக் காந்த ஒத்திசைவு. உணவுப் புரதத்தைச் செரிக்கும் கைமோட்ரிப்சின் என்ற நொதியின் வினைமையத்தில், பிணைப்பில் நிற்கும் ஒற்றை ஹைட்ரஜனின் குறியை 1972-இல் ராபிலார்டும் ஷுல்மனும் அம்முறையால் பதிவுசெய்தனர்.