சுருக்கும் கலையும் காக்கும் கடனும்: ஓலைச்சுவடி முதல் ஜிப் கோப்பு வரை

எழுத்தைச் சுருக்கி எழுதும் வழக்கம் கணினியோடு பிறந்ததன்று. இடமும் பொருளும் குறைவாக இருந்த காலமெல்லாம் மனிதர் எழுத்தைச் சுருக்கியே வந்துள்ளனர். தமிழின் வரலாற்றில் இச்சுருக்கம் இரு வகையாக நிகழ்ந்துள்ளது. ஒன்று, சுருக்கியதை மீண்டும் முழுமையாக விரிக்க இயலும் வகை. மற்றொன்று, சுருக்கும்போதே ஒரு பகுதியை இழந்துவிடும் வகை. இன்றைய கணினியியல் இவற்றை இழப்பில்லாச் சுருக்கம், இழப்புள்ள சுருக்கம் எனப் பிரிக்கிறது. மலாக்காத் தோட்டங்களின் தமிழ் ஆவணங்களைக் கணினியில் காக்க முனையும் ஆசிரியரும் மாணவரும் இவ்வேறுபாட்டைத் தெளிந்துகொள்ளல் வேண்டும்.

ஓலையில் கண்ட இரு வகை

நம் முன்னோர் கணக்கேடுகளில் நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய் முதலிய சொற்களுக்குத் தனித்தனிக் குறிகளை ஆண்டனர். ௳ என்பது நாள். ௴ என்பது மாதம். ௵ என்பது வருடம். ௸ என்பது மேற்படி. குறியைக் கண்டவர் சொல்லை ஐயமின்றி விரித்துப் படித்தனர். இஃது இழப்பில்லாச் சுருக்கம். 2003-இல் வெளிவந்த ஒருங்குறியின் நான்காம் பதிப்பில் இக்குறிகள் இடம்பெற்றமையால் இன்றும் நாம் இவற்றைத் தட்டெழுத முடிகிறது.

புள்ளியின் வரலாறு வேறு. மெய்யெழுத்தும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தது. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் எழுதுவோர் அதனைப் பெரும்பாலும் விடுத்தனர். எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் எழுத்தளவில் ஒன்றாயின. படிப்பவர் இடம் நோக்கிப் பொருள் கொண்டனர். இடம் துணைசெய்யாதபோது பாடபேதம் பிறந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு வேறு வடிவம் வகுத்தது இக்குழப்பத்தை நீக்கவேயாம். ஓலையில் விட்டது சிறு புள்ளியே எனினும், பின்வந்தோர்க்கு அதனால் நேர்ந்த உழைப்பு பெரிது.

கணினி சுருக்கும் முறை

1952-இல் டேவிட் ஹஃப்மன் ஒரு வழி வகுத்தார். அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறுகிய குறியும், அரிதாக வரும் எழுத்துக்கு நீண்ட குறியும் தருக என்பதே அதன் சாரம். இம்முறைப்படி தமிழில் மெய்ப்புள்ளிக்குக் குறுகிய குறியும் ஔகாரத்திற்கு நீண்ட குறியும் அமையும். 1977-இல் ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஸிவ் இருவரும் மற்றொரு வழி கண்டனர். முன்னர் வந்த தொடர் மீண்டும் வந்தால் அதனைத் திரும்ப எழுதாமல், 'இத்தனை இடம் பின்சென்று, இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்க' என்று குறித்தால் போதும். நம் 'மேற்படி' செய்த பணியும் இதுவே. தோட்டம், தோட்டத்தில், தோட்டத்திலிருந்து, தோட்டத்தார் என்று பகுதியும் விகுதியும் ஒட்டிப் பெருகும் தமிழுக்கு இம்முறை நன்கு பொருந்தும்.

இவ்விரண்டையும் இணைத்ததே 'டிஃப்ளேட்' முறை. 1989-இல் ஃபில் காட்ஸ் ஜிப் வடிவத்தை வெளியிட்டு, அதன் அமைப்பைப் பிறரும் பயன்படுத்துமாறு பொதுவில் வைத்தார். இன்றைய வேர்டு ஆவணமும் மின்னூலும் உள்ளமைப்பில் ஜிப் கட்டுகளே.

கட்டுவதும் சுருக்குவதும் வேறு வேறு செயல்கள் என்பதையும் உணர்தல் வேண்டும். யூனிக்ஸின் 'டார்' பல கோப்புகளை ஒன்றாகக் கட்டுமேயன்றிச் சுருக்காது. சுவடிகளைக் கயிறிட்டுக் கட்டுவது போன்றது அது. ஜிப் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே சுருக்கிக் கட்டும். ஆகவே ஒரு கோப்பு சிதைந்தாலும் மற்றவை பெரும்பாலும் தப்பும். கட்டு முழுவதையும் ஒன்றாகச் சுருக்கினால், நடுவில் நேரும் சிதைவு அதன் பின்னுள்ளவற்றையும் பாதிக்கும்.

தமிழ் எழுத்தின் எடை

யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட் கொள்ளும். தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் கொள்ளும். 'தமிழ்' என்னும் சொல்லில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள் இருத்தலின் அது பதினைந்து பைட் ஆகிறது. ஒருங்குறி தமிழுக்குப் பெருஞ்சுமை என்ற வாதம் இதனால் எழுந்தது. ஆயினும் அம்மூன்று பைட்டுகளில் முதலாவது எப்போதும் ஒன்றாகவும், இரண்டாவது இரண்டே மதிப்புகளுள் ஒன்றாகவும் வருவதால், சுருக்கும்போது அச்சுமையில் பெரும்பங்கு கரைந்துவிடும். ஒரு குறை மட்டும் எஞ்சும். டிஃப்ளேட் பின்னோக்கிப் பார்க்கும் எல்லை 32,768 பைட். அவ்வெல்லைக்குள் ஆங்கிலம் 32,768 எழுத்துகளைக் காண, தமிழ் ஏறத்தாழ 10,900 குறியீடுகளையே காணும்.

பழைய கோப்புகளின் இடர் இதனினும் பெரிது. 1980-களில் மலேசியரான முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கியதிலிருந்து இந்நாட்டில் கணினித் தமிழ் வளர்ந்தது. அக்காலத்தும் அதன் பின்னரும் எழுத்துருவுக்கொரு குறிமுறை வழங்கிற்று. 1999-இல் சென்னை மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறிமுறைகள் வந்தன. டிஸ்கி தனியே வழங்கிற்று. அக்காலக் கட்டு ஒன்றை இன்று விரித்தால் ஒரு பைட்டும் குறையாமல் கோப்பு வெளிவரும். ஆனால் குறிமுறை அறியாதார்க்கு அது பொருளற்ற குறிக்கூட்டமாகவே தோன்றும். பைட்டைக் காப்பது வேறு, எழுத்தைக் காப்பது வேறு. கோப்பின் பெயரைத் தமிழில் எழுதும் வசதிகூட ஜிப் வரையறையில் 2006-இல்தான் முறையாகச் சேர்ந்தது.

மலாக்காவில் நம் கடன்

1896-இல் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டதோடு மலாயாவின் வணிகமுறை ரப்பர்த் தோட்ட வரலாறு தொடங்குகிறது. புக்கிட் அசஹான் முதலிய தோட்டங்கள் பின்னர் எழுந்தன. பெரட்டுக் களத்தில் கிராணி பெயர் பதிந்த செக்ரோல், தோட்டப் பள்ளியின் வருகைப் பதிவேடு, கோயில் திருவிழா அழைப்பிதழ், பள்ளி ஆண்டுமலர் ஆகியன அங்கு வாழ்ந்தோரின் வரலாற்றுக்குச் சான்றுகள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் மக்கள் ஜாசின், அலோர் காஜா, மலாக்கா நகரம் எனப் பெயர்ந்தபோது, இத்தாள்கள் இல்லங்களின் பெட்டிகளில் சிதறின. இன்று அவற்றை வருடி எடுக்கும் முயற்சி நற்செயலாகும். எனினும் அதில் இழப்புள்ள சுருக்கம் கண்ணுக்குப் புலனாகாமல் நுழையும்.

ஏ4 தாள் ஒன்றை அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் சாம்பல் நிறத்தில் வருடினால் ஏறத்தாழ 87 இலட்சம் பைட் ஆகும். நூறு பக்க மலர் 87 கோடி பைட் கொள்ளும். எனவே ஜேபெக் முறையில் மிகுதியாகச் சுருக்கும் ஆசை எழுகிறது. அதன் விளைவாக எழுத்தின் ஓரம் மங்கும். முதலில் மறைவது மெய்ப்புள்ளியே. ஓலையில் எழுத்தாணி செய்ததை இங்கே கணினி செய்கிறது.

இதனினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. 2013-இல் ஜெர்மானியக் கணினியறிஞர் டேவிட் கிரீசல், சில நகலெடுக்கும் கருவிகள் வருடிய ஆவணங்களில் 6 என்னும் எண் 8 ஆக மாறியிருந்ததைக் கண்டறிந்தார். ஒத்த வடிவங்களை ஒன்றாகக் கொண்டு, ஒன்றன் படத்தை மற்றதன் இடத்தில் வைக்கும் சுருக்கமுறையே அதற்குக் காரணம். மங்கல் கண்ணுக்குத் தெரியும், மாற்றம் தெரியாது. எகரமும் ஏகாரமும், ரகரமும் கால்குறியும் சிறு கோட்டளவில் வேறுபடும் தமிழ் அச்சில் இத்தகைய முறை எவ்வளவு தீங்கானது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. பதிவேட்டில் ஓர் எழுத்து மாறினால் ஒருவரின் பெயர் மாறும்.

ஆகவே ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் நாம் பரிந்துரைப்பன இவை. மூலப்படியை இழப்பில்லா வடிவத்தில் வைத்துக்கொண்டு, பகிர்வதற்கு மட்டும் சிறுபடி எடுக்க. எழுத்தாக உள்ளவற்றை ஒருங்குறிக்கு மாற்றுக. பழைய கோப்பையும் அதன் எழுத்துருவையும் நீக்காது உடன்வைக்க. அமைப்பு பொதுவில் அறியப்பட்ட கட்டு வடிவத்தையே தேர்க, கடவுச்சொல் இடாதீர். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எந்தக் குறிமுறை என்னும் குறிப்பை எளிய உரைக்கோப்பாகக் கட்டினுள் சேர்க்க. படிகளை இரண்டு மூன்று இடங்களில் வைத்து, ஆண்டுக்கொருமுறை விரித்துப் பார்க்க.

சுவடி படித்த நம் முன்னோர், விடுபட்ட புள்ளியை மொழியறிவால் நிரப்பிக்கொண்டனர். செய்யுளுக்கு யாப்பும் உரையும் துணைநின்றன. தோட்டத்துப் பதிவேட்டின் பெயருக்கு அத்தகைய துணை இல்லை. தாளில் உள்ளதே அதற்குரிய ஒரே சான்று. அதனை எழுத்துக் குறையாமல் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தல் நம் கடன்.