கையொப்பமிட்ட காணொளி விளையாட்டுப் பொருள்கள்

காணொளி விளையாட்டை ஆக்கியவரோ, அதற்கு இசையமைத்தவரோ, அதை ஆடிப் பேர்பெற்றவரோ தம் கைப்பட ஒப்பமிட்ட கசற், பெட்டி, வழிகாட்டிப் புத்தகம், சுவரொட்டி, ஆட்டக்கருவி முதலியவை இத்தலைப்பில் அடங்கும். கிரிக்கெட் மட்டையிலும் பாடசாலை ஒட்டோகிராப் புத்தகத்திலும் ஒப்பம் வாங்குவது நம்மவருக்குப் பழகிய வழக்கம். விளையாட்டுக் கசற்றில் ஒப்பம் வாங்கும் வழக்கம் அவற்றுக்கெல்லாம் பிந்தியது. அதை ஆக்கியவர் யார் என்பதே வாங்கியவருக்கு நெடுங்காலம் தெரியாதிருந்ததுதான் அதற்குக் காரணம்.

பெயர் மறைக்கப்பட்ட காலம்

நோலன் புஷ்னெலும் ரெட் டாப்னியும் 1972இல் அமெரிக்காவில் தொடங்கிய அட்டாரி நிறுவனத்தை 1976இல் வார்னர் வாங்கியது. அடுத்த ஆண்டு அட்டாரியின் வீட்டுக் கருவி சந்தைக்கு வந்தது. அதற்கான விளையாட்டு ஒன்றைப் பெரும்பாலும் ஒருவரே கற்பனை செய்து, நிரல் எழுதி, படமும் ஒலியும் சேர்த்து முடிப்பார். நாவலாசிரியருக்கு நாவல் எப்படியோ அப்படி அது அவருடையது. ஆனால் பெட்டியில் நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருந்தது. பெயர் வெளியே தெரிந்தால் போட்டி நிறுவனங்கள் ஆளைக் கவர்ந்து கொள்ளும், பேரம் பேசும் துணிவும் வந்துவிடும் என்பது மேலிடத்தின் கணக்கு.

இதைப் பொறுக்காதவர்களில் ஒருவர் வாரன் ரொபினெற். அவர் எழுதிய ‘அட்வெஞ்சர்’ 4 கிலோபைற் நினைவகத்துக்குள் அடங்கிய விளையாட்டு. அதன் கறுப்புக் கோட்டைக்குள் இருக்கும் புதிர்வழியில், பாலத்தைப் போட்டால் மட்டுமே நுழையக்கூடிய மூடிய அறை ஒன்று உண்டு. அங்கே பின்னணியின் அதே சாம்பல் நிறத்தில் ஒரேயொரு புள்ளி கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் புள்ளியை எடுத்து மஞ்சள் கோட்டைக்குக் கீழ்ப்பக்கமுள்ள அறைக்குக் கொண்டுவர வேண்டும். கூடவே வேறு பொருள்களையும் அங்கே கொண்டுவந்து போட்டால் ஓரத்துச் சுவர் மினுங்கத் தொடங்கும். மினுங்கும் சுவரைக் கடந்தால், திரையின் நடுவில் மேலிருந்து கீழாக நிறம் மாறி மாறி ஒளிரும் எழுத்துகளில், இதைப் படைத்தவர் வாரன் ரொபினெற் என்ற வாசகம் நிற்கும்.

அவர் இதை ஒருவருக்கும் சொல்லாமல் 1979இல் வேலையை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு 15 வயதுச் சிறுவன் ஒருவன் அந்த அறையைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியபோதுதான் விடயம் வெளிச்சத்துக்கு வந்தது. சில்லை மாற்றி வார்ப்பது செலவு என்பதால் பெயர் அப்படியே விடப்பட்டது. காணொளி விளையாட்டில் இடப்பட்ட தொடக்ககாலக் கையொப்பங்களில் பேர்பெற்றது இது என்று கொள்ளலாம். மையால் இடப்படவில்லை என்பதால் அதன் பெறுமதி குறையாது. படைத்தவன் தன் படைப்பில் தன் பெயரைத் திருட்டுத்தனமாக வைக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் பின்னாளில் படைத்தவர்களின் ஒப்பத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு வந்தது என்பது விளங்கும்.

அதே 1979இல் டேவிட் கிரேன், அலன் மில்லர், பொப் வைற்ஹெட், லரி கப்லன் ஆகிய நால்வரும் தங்கள் பெயரும் பங்கும் கேட்டு அட்டாரியின் தலைவர் ரே கசாரிடம் போனார்கள். கசார் துணித் தொழிலில் இருந்து வந்தவர். கசற்றைப் பெட்டியில் அடைக்கும் தொழிலாளியைவிட நீங்கள் முக்கியமானவர்கள் அல்லர் என்ற பொருளில் பதில் கிடைத்ததாகக் கிரேன் பின்னர் பலமுறை சொல்லியிருக்கிறார். நால்வரும் வெளியேறினர், அக்ரிவிஷன் பிறந்தது. அதன் வழிகாட்டிப் புத்தகங்களில் ஆக்கியவரின் பெயரும் படமும், ஆடுவோருக்கு அவர் தரும் குறிப்புகளும் அச்சாயின. 1982இல் வந்த கிரேனின் ‘பிற்ஃபோல்’ விளையாட்டில் 20,000 புள்ளி எடுத்தவர் தொலைக்காட்சித் திரையைப் படம்பிடித்துத் தபாலில் அனுப்பினால், சட்டையில் தைக்கும் துணிச் சின்னம் ஒன்று வந்து சேரும். இன்று அந்தச் சின்னங்களையும் தேடி வாங்குகிறார்கள்.

1982இல் தொடங்கிய எலெக்ரோனிக் ஆர்ட்ஸ், ஆக்கியோரைக் கலைஞர் என்றே விளம்பரப்படுத்தியது. ஜப்பானில் நிலைமை மாற இன்னும் காலம் எடுத்தது. அங்கே பலர் புனைபெயரிலேயே திரையில் வந்தனர். ‘மெகா மேன்’ வரிசையில் பணிபுரிந்த கெய்ஜி இனாஃபுனே ‘இனாஃப்கிங்’ என்றிருந்தார். ஆடியவரும் தம் பெயரை விட்டுச் செல்ல வழி இருந்தது. 1979இன் ‘அஸ்ரரொய்ட்ஸ்’ இயந்திரம் அதிக புள்ளி எடுத்தவருக்குப் பெயர் பதிய மூன்று எழுத்துகள் கொடுத்தது.

ஒப்ப வகைகள்

நிகழ்ச்சியில் நேரில் இடப்பட்டவை, தபாலில் அனுப்பிப் பெற்றவை, வெளியீட்டாளரே சிறப்புப் பதிப்பில் சேர்த்து விற்றவை எனச் சேகரிப்போர் பிரிப்பதுண்டு. ஜப்பானியர் ‘ஷிகிஷி’ என்ற, ஏறத்தாழச் சதுரமான அட்டையில் ஒப்பமிட்டுப் பக்கத்தில் சிறு படம் கீறிக் கொடுப்பர். படம் கீறிய அட்டைக்குக் கேள்வி அதிகம். பெட்டியோடு அச்சான ஒப்பத்தையும் இயந்திரப் பேனா இட்டதையும் கைப்பட இட்டதென நம்பி வாங்கியவர்கள் ஏராளம். சாய்த்துப் பிடித்து உருப்பெருக்கியால் பார்த்தால் அச்சில் நுண்புள்ளிகள் தெரியும்; பேனா மையில் அழுத்தமும் கோடு கோட்டைக் கடக்கும் இடமும் தெரியும்.

பெறுபவரின் பெயரைக் குறித்து ‘இன்னாருக்கு’ என்று எழுதிய ஒப்பம் விலை குறைந்தது என்பார்கள் வியாபாரிகள். அது கைமாற்றி விற்பவரின் கணக்கு. சேகரிப்பவருக்கு அதுவே உறுதியான சான்று. போலி செய்பவர் பலருக்கும் விற்கக்கூடிய வெறும் ஒப்பத்தைத்தான் போடுவார்.

கசற்றின் வழுவழுப்பான பிளாஸ்ரிக்கில் குமிழ்முனைப் பேனா பிடிக்காது. அழியா மைப் பேனாவோ வெள்ளிநிற வண்ணப் பேனாவோ தேவை. இரண்டும் வெயிலில் வெளிறும். பிரிக்காத பெட்டியின் மேலுறையில் இட்ட ஒப்பம் உறை கிழிந்தால் அதோடு போய்விடும்.

விலை

இத்துறையில் மிகப் பெரிய விலைக்குப் போனவற்றை அவ்வளவு விலைக்கு ஏற்றியது ஒப்பம் அல்ல. 2021 யூலையில் ஹெரிற்றேஜ் ஏலத்தில் ‘சுப்பர் மரியோ 64’ பிரதி ஒன்று 1.56 மில்லியன் அமெரிக்க டொலருக்குப் போனது. அதற்கு விலை தந்தது பிரிக்காத உறையும் அதன் நிலைக்கு வழங்கப்பட்ட தரப்புள்ளியுமே. மரியோவைப் படைத்த ஷிகெரு மியாமொற்றோ, கேட்பவர் கூட்டம் பெருகிவிடும் என்பதால் பொதுவாக ஒப்பமிடுவதில்லை. அதனால் அவருடையது அரிது. அரிதானதில்தான் போலியும் மிகுதி. நின்ரெண்டோவின் தலைவராயிருந்த சற்றோறு இவாற்றா 2015இல் மறைந்துவிட்டதால் அவர் ஒப்பங்களின் தொகை இனிக் கூடப்போவதில்லை. மாறாக, ‘டூம்’ ஆக்கியோரில் ஒருவரான ஜோன் ரொமேரோ தம்மிடமிருந்த ‘டூம் 2’ வட்டுகளைத் தாமே இணைய ஏலத்தில் விட்டபோது 3,150 டொலர் கிடைத்தது. யாரிடமிருந்து வந்தது என்பதில் அங்கே ஐயமே எழவில்லை.

ஐயம் எழுந்தால் என்னாகும் என்பதற்கு போலி ஒப்பங்களுக்கு எதிராக அமெரிக்கப் புலனாய்வுத்துறை எடுத்த ‘புல்பென்’ நடவடிக்கை சாட்சி. அதில் பிடிபட்ட போலிகளில் அன்னை தெரேசாவின் ஒப்பமிட்ட பேஸ்போல் பந்தும் ஒன்று. இன்றைய சான்றளிப்பு நிறுவனங்கள் தங்கள் ஆள் நேரில் கண்ட ஒப்பத்தை ஒருவகையாகவும், பின்னர் ஒப்பிட்டுப் பார்த்ததை இன்னொரு வகையாகவும் குறிக்கின்றன. சமாதான நீதவான் முன்னிலையில் இடும் ஒப்பத்துக்கும் வீட்டில் இட்டுக் கொண்டுவரும் ஒப்பத்துக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

தெற்காசியாவில் ஒப்பத்துக்கு விலை குறித்தவர்களில் காந்தி முக்கியமானவர். ஒரு கையொப்பத்துக்கு 5 ரூபா வாங்கி ஹரிஜன நிதியில் சேர்த்தார். இந்தியாவில் 1933–34 சுற்றுப்பயணத்துக்கு வந்த இங்கிலாந்தின் எம்.சி.சி. கிரிக்கெட் அணியினர் 16 பேர் ஒப்பமிட்ட பக்கத்தில் 17ஆவதாக அவர் ஒப்பமும் இருக்கிறது.

வன்னியில்

இலங்கையின் வன்னிப் பகுதியிலுள்ள கிளிநொச்சியில் பழைய விளையாட்டுப் பொருள்கள் அரிதாயிருப்பதற்கு ஆர்வமின்மை காரணமல்ல. 1989இல் வந்த ‘கேம் போய்’ கருவிக்கு நான்கு பற்றரி வேண்டும். 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் வன்னிக்குப் பற்றரி வரவே தடை. பல ஆண்டுகள் மின்விநியோகமும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து, சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட ஊரில் கைக்கருவி ஆட்டத்துக்கு வழியேது? 2002இல் ஏ9 பாதை திறந்தது. ஆனால் 2008–09 இடப்பெயர்வில் வீடு வீடாக எல்லாம் கைவிடப்பட்டன. அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் கொண்ட பையைக் காப்பாற்றியதே பலருக்குப் பெரிய காரியம். ஒரு பொருள் எங்கிருந்து யார் கைக்கு வந்தது என்ற தொடர்ச்சி, அதாவது ஒப்பத்தின் விலையைத் தாங்கி நிற்கும் அந்தச் சங்கிலி, இங்கே அறுந்துபோனது.

  

தற்போதைய நிலை

விளையாட்டுகள் பெரும்பாலும் பதிவிறக்கமாக விற்கப்படுவதால் ஒப்பமிடப் பொருளே குறைகிறது. ரொறன்ரோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலைச் சொல்கிறது. கிழிந்தும் கறைபட்டும் போன தாயின் கையெழுத்துச் சமையல் குறிப்பேட்டை வாசித்துத்தான் அதை ஆடவேண்டும். 2024 ஏப்ரலில் அது முதல் படைப்புக்கான பாஃப்ரா விருதைப் பெற்றது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது. அங்கு கணினி படிப்போர் இத்தகைய ஆக்கங்களில் இறங்கினால் சேகரிக்கவேண்டிய முதல் ஒப்பங்கள் அவர்களுடையவை.

ஒப்பம் கையில் வைத்திருப்போர், வாங்கிய நாளையும் இடத்தையும் தனித்தாளில் பென்சிலால் எழுதி, அந்நேரத்துப் படமொன்றையும் சேர்த்து, பொருளை வெயில் படாத உறையில் வைக்கவேண்டும். சான்றிதழ்களைப் போல இதையும் லமினேற் செய்யவேண்டாம்; சூடு மையைக் கெடுக்கும், ஒட்டிய தாளைப் பின்னர் பிரிக்கவும் முடியாது.