அவசர அழைப்பாளர் இடமறிதல் (தமிழ்நாடு)

அவசர அழைப்பாளர் இடமறிதல் என்பது, காவல், தீயணைப்பு, மருத்துவ ஊர்தி ஆகிய உதவிகளைத் தொலைபேசி மூலம் கோருபவர் எங்கு உள்ளார் என்பதைக் கண்டறியும் செயற்பாடு ஆகும். இதில் இரு பணிகள் அடங்கியுள்ளன. முதலாவது, அழைப்பு வந்த இடத்தின் அகலாங்கு (அட்சரேகை), நெட்டாங்கு (தீர்க்கரேகை) ஆகியவற்றைப் பெறுதல். இரண்டாவது, அந்த எண்களை எண்ணிம நிலப்படம் ஒன்றில் பொருத்தி, தெரு, கட்டடம், செல்லும் வழி, பொறுப்புடைய நிலையம் ஆகியவற்றை அறிதல். முதற்பணி தொலைத்தொடர்பு சார்ந்தது. இரண்டாம் பணி, பல துறைகளிடம் பிரிந்து கிடக்கும் நிலப்படத் தரவுகள் ஒரே தளத்தில் பகிரப்படுவதைச் சார்ந்தது. மாரடைப்பு, தீ விபத்து, வெள்ளம் போன்றவற்றில் சில நிமிடத் தாமதமும் உயிரிழப்புக்குக் காரணமாகலாம் என்பதால் இவ்விரண்டும் இன்றியமையாதவை.

பின்னணி

அவசர உதவிக்கெனத் தனி எண் ஒன்றை ஒதுக்கும் வழக்கம் 1937 ஆம் ஆண்டில் இலண்டனில் 999 என்ற எண்ணுடன் தொடங்கியது. ஐக்கிய அமெரிக்காவில் 911 என்ற எண் 1968 இல் அறிமுகமானது. கம்பிவழித் தொலைபேசிக் காலத்தில் ஒவ்வோர் எண்ணுக்கும் நிலையான முகவரி ஒன்று இருந்தமையால், சந்தாதாரர் பட்டியலைக் கொண்டே இடத்தை அறிய முடிந்தது. செல்லிடத் தொலைபேசி பரவியபின் எண்ணுக்கும் இடத்துக்கும் இருந்த இத்தொடர்பு அறுந்தது. இதனால், செல்லிட அழைப்புகளின் இருப்பிடத்தைத் தொலைபேசி நிறுவனங்கள் அளிக்கவேண்டும் என அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1996 இல் விதித்தது.

தமிழ்நாட்டில் 108 மருத்துவ ஊர்திச் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதிலிருந்தும் வரும் அழைப்புகள் சென்னையில் அமைந்த கட்டுப்பாட்டு மையத்தை அடையுமாறு இது அமைக்கப்பட்டது. தொலைவிலுள்ள மையத்தில் அழைப்பை ஏற்பவருக்கு அழைப்பாளரின் ஊர் பழக்கமானதாக இருக்கவேண்டியதில்லை. எனவே மாவட்டம், ஊர், அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றைக் கேட்டறிவது வழக்கமாயிற்று. அனைத்து அவசர உதவிகளுக்குமான 112 என்ற பொது எண்ணில் தமிழ்நாடு 2019 பெப்ரவரியில் இணைந்தது.

இடமறியும் முறைகள்

அலைபரப்புக் கோபுரம்: அழைப்பு எந்தக் கோபுரம் வழியாக வந்தது என்பதைக் கொண்டு இடம் கணிக்கப்படுகிறது. நெருக்கமான நகரப் பகுதியில் இதன் பிழை சில நூறு மீட்டர்களாகவும், ஊர்ப்புறத்தில் பல கிலோமீட்டர்களாகவும் இருக்கலாம். இரண்டாம் தலைமுறை வலையமைப்பில் அலை சென்று திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவு அளக்கப்படும்போது, ஒரு படியின் அளவே ஏறத்தாழ 550 மீட்டர் ஆகும்.

செய்மதி: புவியிடங்காட்டி வசதியுள்ள கைப்பேசி, திறந்த வெளியில் சில மீட்டர் துல்லியத்துடன் இடத்தைத் தரும். கட்டடங்களின் உள்ளேயும் சுரங்கப்பாதைகளிலும் செய்மதிக் குறிகை வலுவிழக்கிறது.

தானியங்கி அனுப்புகை: அவசர எண்ணை அழைத்தவுடன் கைப்பேசியே தன் இருப்பிடத்தைக் கணித்து மையத்துக்கு அனுப்பும் முறை 2014 இல் ஐக்கிய இராச்சியத்தில் தொடங்கியது. இத்தகைய வசதி ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 2016 இலும், ஐபோன்களில் 2018 இலும் சேர்க்கப்பட்டது. இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தின் 112 சேவை 2025 திசம்பரில் ஆண்ட்ராய்டின் இவ்வசதியை முதலில் நடைமுறைப்படுத்தியது.

இந்திய அரசு 2016 இல் வகுத்த விதிகள், 2017 முதல் கைப்பேசிகளில் அவசரப் பொத்தான் இருக்கவேண்டும் என்றும், 2018 முதல் புவியிடங்காட்டி இருக்கவேண்டும் என்றும் கூறின. ஆயினும் புவியிடங்காட்டி இல்லாத எளிய கைப்பேசிகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. முதியோரும் வறியோரும் பெரிதும் இவற்றையே பயன்படுத்துவதால், உதவி மிகவும் தேவைப்படும் பிரிவினரின் இருப்பிடமே குறைந்த துல்லியத்துடன் கிடைக்கும் நிலை உள்ளது.

பொது நிலப்படத்தின் தேவை: தாம்பரம் பகுதி

ஆயங்கள் துல்லியமாகக் கிடைத்தாலும், நிலப்படம் சரியாக இல்லையெனில் ஊர்தி உரிய இடத்தை அடையாது. சென்னையின் தென் புறநகர்ப் பகுதியான தாம்பரம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

முதலாவது, நிர்வாக எல்லைகளின் மாற்றம். இப்பகுதி 2019 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை, பெருங்களத்தூர், திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் இணைக்கப்பட்டு, 2021 நவம்பர் 3 அன்று தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் 2022 சனவரி 1 முதல் செயற்படுகிறது. மூன்று ஆண்டுகளுக்குள் மாவட்டம், உள்ளாட்சி, காவல் எல்லை ஆகிய மூன்றும் மாறியுள்ளன. ஒரு துறையின் நிலப்படம் புதிய எல்லையையும் மற்றொன்றின் நிலப்படம் பழைய எல்லையையும் கொண்டிருந்தால், அழைப்பு தவறான நிலையத்துக்கு மாற்றப்படக்கூடும்.

இரண்டாவது, தெருப்பெயர்கள். தனித்தனி உள்ளாட்சிகளாக இருந்த காலத்தில் ஒவ்வொன்றும் தலைவர்களின் பெயர்களைத் தத்தம் தெருக்களுக்குச் சூட்டியதால், ஒரே மாநகராட்சிக்குள் ஒரே பெயரில் பல தெருக்கள் அமைந்துவிடுகின்றன. தெருப்பெயரை மட்டும் கூறுவது போதுமானதாகாது.

மூன்றாவது, நில அமைப்பு. சென்னைக் கடற்கரை–தாம்பரம் தொடருந்துப் பாதையும், ஜி.எஸ்.டி. சாலையும் இப்பகுதியைக் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிக்கின்றன. தொடருந்து நிலையத்தின் அருகே நூறு மீட்டர் பிழை ஏற்பட்டால், அழைப்பாளர் பாதையின் எதிர்ப்புறத்தில் இருப்பதாகக் காட்டப்படலாம். நேர்கோட்டில் மிகக் குறைந்த தொலைவே எனினும், ஊர்தி மேம்பாலத்தையோ சுரங்கப்பாதையையோ தேடிச் சுற்றிச் செல்லவேண்டும். விமானப்படை நிலையம் போன்ற பாதுகாப்பு வளாகங்களின் ஊடே பொது ஊர்திகள் செல்ல இயலாது. நிலப்படத்தில் அத்தகைய சாலை பொதுவழியாகக் குறிக்கப்பட்டிருந்தால் வழிக்கணிப்பும் பிழையாகும்.

2015 வெள்ளம்

2015 திசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாறு பெருக்கெடுத்ததில் முடிச்சூர், வரதராஜபுரம் ஆகிய பகுதிகள் நீரில் மூழ்கின. மக்கள் படகுகள் மூலம் மீட்கப்பட்டனர். மின்தடையால் செல்லிடத் தொலைபேசிச் சேவையும் பல இடங்களில் முடங்கியது. அப்போது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் கட்டற்ற நிலப்படத்தின் தன்னார்வலர்கள், நீர் தேங்கிய தெருக்களைப் பொதுமக்களே குறிக்கக்கூடிய இணைய நிலப்படம் ஒன்றை உருவாக்கினர்.

இந்நிகழ்வு இரு செய்திகளை உணர்த்தியது. தெருக்களின் தரவு ஏற்கனவே பொதுவில் இருந்தமையாலேயே அந்நிலப்படத்தை விரைந்து உருவாக்க முடிந்தது. மேலும், வெள்ளக் காலத்தில் சாலைகளின் தரவு மட்டும் போதாது. ஏரிகள், வாய்க்கால்கள், நிலத்தின் உயரம் ஆகியவை பற்றிய தரவுகளும் அதே நிலப்படத்தில் இணைய வேண்டும். இவை வெவ்வேறு துறைகளால் பேணப்படுபவை.

நிலப்படக் கொள்கையும் பகிர்வும்

2005 ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கை, பாதுகாப்புக்கென ஒரு வரிசையும் பொதுப் பயன்பாட்டுக்கென ஒரு வரிசையும் கொண்ட இருவகை நிலப்படங்களை வகுத்தது. 2021 பெப்ரவரி 15 அன்று வெளியான வழிகாட்டு நெறிகள், இந்திய நிறுவனங்கள் முன் அனுமதியின்றி நிலப்படத் தரவுகளைத் திரட்டவும் வெளியிடவும் வழிசெய்தன. தேசிய புவிசார் கொள்கை 2022 இல் வெளியிடப்பட்டது. தமிழ்நாட்டில் பல துறைகளின் நிலப்பட அடுக்குகளை ஒன்றுசேர்க்கும் பணியைத் தமிழ்நாடு மின்னாளுமை முகமையின் புவியியல் தகவல் முறைமை மேற்கொள்கிறது. இந்திய அஞ்சல் துறை 2025 மே மாதத்தில் வெளியிட்ட டிஜிபின், நாட்டின் நிலப்பரப்பை ஏறத்தாழ 4 மீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துருக்கள் கொண்ட குறியீட்டை அளிக்கிறது. கதவு எண் இல்லாத குடியிருப்புகளுக்கு இது பயன்படக்கூடும்.

குறைகளும் தனியுரிமையும்

அகலாங்கும் நெட்டாங்கும் மட்டும் கிடைத்தால் அடுக்குமாடிக் கட்டடத்தில் அழைப்பாளர் எந்தத் தளத்தில் உள்ளார் என்பது தெரியாது. மறுபுறம், ஒருவரின் இருப்பிடத்தை அறியும் வசதி கண்காணிப்புக்கும் பயன்படக்கூடியது. 2023 ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரத்தில் ஒப்புதலின்றியும் தரவைக் கையாள இடமளிக்கிறது. நிலப்படத் தரவும் அழைப்பாளரின் இருப்பிடத் தரவும் வேறானவை. முன்னது பரவலாகப் பகிரப்படும்போது பயன் மிகுகிறது. பின்னது அழைப்பின் தேவைக்கு மட்டும் பயன்படுத்தப்படவேண்டியது.

அழைப்பாளர் கூறவேண்டியவை

தானியங்கி முறைகள் தவறக்கூடும் என்பதால் வாய்மொழி விவரம் இன்றும் முதன்மையானது. தெருப்பெயருடன் பகுதியின் பெயர், அருகிலுள்ள பள்ளி, கோயில் அல்லது பேருந்து நிறுத்தம், தளத்தின் எண் ஆகியவற்றைக் கூறுதல் நன்று. தாம்பரம் போன்ற இடங்களில், தொடருந்துப் பாதைக்குக் கிழக்கா மேற்கா என்பதையும் சேர்த்துக் கூறுவது ஊர்தியின் சுற்றுப்பயணத்தைத் தவிர்க்கும்.