ஒருமுக நினைவு: இராமானுசரின் விளக்கம்

கார்த் தொழிற்சாலைகளால் இன்று பெயர்பெற்ற ஸ்ரீபெரும்புதூர், வைணவ ஆசாரியர் இராமானுசர் பிறந்த ஊர். மரபுக் கணக்கில் அவர் பிறந்த ஆண்டு 1017. மனத்தை ஒன்றில் நிறுத்தும் பயிற்சிக்கு இந்திய மெய்யியலில் எழுந்த மிக நுட்பமான விளக்கங்களுள் ஒன்று அவருடையது.

பதஞ்சலியின் யோகசூத்திரத்தில், மனத்தை ஓரிடத்தில் கட்டுவது தாரணை. அதே எண்ணம் தொடர்ந்தால் தியானம். அது முற்றினால் சமாதி. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இம்மூன்றும் அடங்கிய எட்டு உறுப்பு யோகத்தை, அதாவது அட்டாங்க யோகத்தை, பாடியிருக்கிறார்.

இராமானுசர் யோக தரிசனத்தின் தத்துவத்தை மறுத்தவர். தியானத்தை மட்டும் விடவில்லை. பிரம்மசூத்திரத்துக்கான தம் உரையாகிய ஸ்ரீபாஷ்யத்தில், முதல் சூத்திரத்துக்கு எழுதிய நீண்ட விளக்கத்தில், எண்ணெய் ஒழுக்குப்போல் அறுபடாத நினைவே தியானம் என்கிறார். அதன் பெயர் துருவானுஸ்மிருதி. நாள்தோறும் பழகினால் அந்நினைவு நேரில் காண்பது போன்ற தெளிவு பெறும், அன்பாகக் கனியும். அவர் பக்தி என்பது இதைத்தான்.

இந்த நினைவு எப்படிக் கைகூடும்? வாக்கியகாரர் எனப்படும், தமக்கு முந்தைய உரையாசிரியரை மேற்கோள் காட்டி ஏழு துணைகளைச் சொல்கிறார். உணவுத் தூய்மை விவேகம். ஆசையில் சிக்காமை விமோகம். திரும்பத் திரும்பப் பழகுவது அப்பியாசம். அன்றாடக் கடமைகளை இயன்றவரை செய்வது கிரியை. வாய்மை, நேர்மை, இரக்கம், கொடை முதலியவை கல்யாணம். சோர்ந்து போகாமை அநவசாதம், களிப்பில் மிதக்காமை அநுத்தர்ஷம். அப்பியாசம் தவிர மற்ற ஆறும் தியான இருக்கைக்கு வெளியே, சாப்பாட்டிலும் வேலையிலும் பிறரோடு பழகுவதிலும் நடப்பவை. கவனத்தை வெறும் மனவலிமையாகப் பார்க்காமல் வாழ்க்கை முறையின் விளைவாகப் பார்த்ததுதான் இந்த விளக்கத்தின் பெருமை.

அவர் பிறந்த மண்ணில் வேலையின் முகம் மாறிவிட்டது. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இலும், ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010இலும் கார் உற்பத்தியைத் தொடங்கின. ஷிப்டு முழுதும் ஒரே வேலையைச் செய்பவருக்கும் கவனம் சிதறாமல் இருப்பது அன்றாடத் தேவை. இராமானுசரின் நினைவுக்கு இறைவனே பொருள். இங்கே பொருள் ஒரு போல்ட்டாகவோ வெல்டிங் புள்ளியாகவோ இருக்கலாம். ஆனாலும் மனவலிமையை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பது தொழிலுலகமும் கண்டறிந்த ஒன்று. ஜப்பானிய ரயில் ஊழியர்கள் சிக்னலைக் கையால் சுட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்வது நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்கம். அங்குள்ள ரயில்வே ஆய்வு நிறுவனம் 1994இல் நடத்திய சோதனையில், எளிய பணியொன்றில் நூறு செயல்களுக்கு 2.38 ஆக இருந்த பிழை, சுட்டிச் சொன்னபோது 0.38 ஆகக் குறைந்தது.