கோடை முகாமும் ஒரு பழைய சைக்கிள் கதையும்

வரும் மே மாதத்தில் நம் மாவட்டத்து உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எலக்ட்ரானிக்ஸும் புரோகிராமிங்கும் கற்றுத்தர ஒரு கோடை முகாம் நடத்தலாம் என்று நம் பழைய மாணவர் சங்கத்தில் பேச்சு எழுந்திருக்கிறது. நல்ல யோசனை. ஆனால் அன்றைய கூட்டத்தில் ஒரு நண்பர், "பெரிய ஹால் இருக்கு, புரொஜெக்டர் இருக்கு, இருநூறு பேரை உட்கார வச்சுப் பாடம் எடுத்துடலாம்யா" என்றார். எனக்கு அங்கேதான் உறுத்தியது. பௌதிகம் படித்தவன், லேபில் கை வைக்காமல் எதையும் நம்பாத சுபாவம். அதனால் கொஞ்சம் பழைய சரித்திரம் சொல்கிறேன். மூத்தவர்களுக்குத் தெரிந்ததுதான், இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்குப் புதிதாக இருக்கலாம்.

நம் நாட்டுப் பள்ளிகளுக்குள் கம்ப்யூட்டர் ஒரு திட்டமாக நுழைந்தது 1984ல். மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் 250 பள்ளிகளில் அதைத் தொடங்கியது. வந்த இயந்திரம் பிபிசி மைக்ரோ. இங்கிலாந்தில் ஏகார்ன் என்ற கம்பெனி, பிபிசி நிறுவனத்தின் கம்ப்யூட்டர் கல்வி இயக்கத்துக்காக 1981ல் வெளியிட்டது. நினைவகம் மொத்தம் 32 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவில் நூறில் ஒரு பங்கு கூடத் தேறாது. ஆனாலும் கெட்டிக்கார இயந்திரம். சுவிட்சைப் போட்டதும் பேசிக் மொழி தயாராக நிற்கும். தட்டினால் பதில் வரும். வெளியே மோட்டார், பல்பு, வெப்பம் பார்க்கும் சென்சார் என்று எதையும் மாட்ட அதில் தனித்தனி வாசல்கள் உண்டு. அதாவது, எலக்ட்ரானிக்ஸையும் புரோகிராமிங்கையும் ஒரே மேசையில் வைத்துப் பழகவே செய்யப்பட்ட பெட்டி.

நடந்தது என்னவோ வேறு. ஒரு பள்ளிக்குச் சில பெட்டிகள்தான், பிள்ளைகளோ நூற்றுக்கணக்கில். விசைப்பலகையில் ஒரு பிள்ளையின் விரல் பட்ட நேரம் சொற்பம். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் அறை என்றாலே கர்ப்பக்கிரகம் மாதிரி: செருப்பைக் கழற்று, தூசி படாதே, தொடாதே. வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

அதே பெட்டியை வைத்துக்கொண்டு அதைச் செய்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். ஏகார்னில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்ற இருவர் புதிய சிப் ஒன்றை வடிவமைக்க முனைந்தார்கள். அது எப்படி வேலை செய்யும் என்று வில்சன் முன்கூட்டியே ஒத்திகை பார்த்தது பிபிசி பேசிக் மொழியில்தான். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் சிப் வந்து, பிபிசி மைக்ரோவோடு இணைக்கப்பட்டு ஓடியது. அதன் பெயர் ஆர்ம். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்போனுக்குள் ஓடுவது அதன் வாரிசு. 2012ல் வந்த ராஸ்பெரி பை என்ற உள்ளங்கைக் கம்ப்யூட்டருக்கு ஏ மாடல், பி மாடல் என்று பெயர் வைத்ததுகூட அந்தப் பழைய பிபிசி மைக்ரோவை நினைத்துத்தான்.

இனி நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். இயந்திரத்தை எப்படிக் கற்றுத் தருவது என்பதை நாம் லண்டனிடம் கேட்க வேண்டியதே இல்லை. 1991ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார்கள். அதற்கு யாரும் கரும்பலகையில் சக்கரம் வரைந்து காட்டவில்லை. பொட்டலில் வண்டி, பின்னால் பிடித்துக்கொண்டு ஓட ஒரு ஆள், விழுந்தால் எழுந்திரு, அவ்வளவுதான். நேற்றுக் கற்றவள் இன்று பக்கத்து வீட்டுக்காரிக்கு வாத்தியார். கல் குவாரியில் உடைத்தவர்கள், வயல் வேலைக்குப் போனவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், பள்ளி ஆசிரியைகள் எல்லாரும் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி மணியடித்து வந்த ஊர்வலம் இந்த நகரம் மறக்காத காட்சி. பத்திரிகையாளர் பி. சாய்நாத் தம் புத்தகத்தில் இதை எழுதி, உலகமே படித்தது. கேலி பேசிய ஆம்பளைகளும் இருந்தார்கள். அவர்கள் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள், வண்டிகள் போய்விட்டன.

2011ல் தமிழக அரசு இலவச மடிக்கணினி தந்தபோது, கம்ப்யூட்டரும் அந்த சைக்கிள் மாதிரி வீட்டுக்கே வந்தது. படம் பார்க்கத்தான் பயன்பட்டது என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. 'தொடாதே' என்ற வார்த்தை ஒழிந்ததே பெரிய காரியம். குறை என்னவென்றால், பின்னால் பிடித்துக்கொண்டு ஓட ஆள் இல்லை.

முகாம் அந்த ஆளாக இருக்கட்டும் என்கிறேன். இருநூறு பேர் வேண்டாம்; முப்பது பேர், இரண்டு பேருக்கு ஒரு மேசை. பாதிப் பேர் பெண் பிள்ளைகள். முதல் நாள் கம்ப்யூட்டரே வேண்டாம். 9 வோல்ட் பேட்டரி, ஒரு 555 ஐ.சி., 10 கிலோ ஓமிலும் 100 கிலோ ஓமிலும் ஒவ்வொரு ரெசிஸ்டர், 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 330 ஓம் ரெசிஸ்டரோடு ஒரு எல்.இ.டி. பல்பு. சரியாக மாட்டினால் சுமார் ஒன்றரை விநாடிக்கு ஒருமுறை கண் சிமிட்டும். கெபாசிட்டரைத் திருப்பி மாட்டுகிறவன் மாட்டட்டும், ஏன் சிமிட்டவில்லை என்று அவனே தேடட்டும். மறுநாள் அதே பல்பை ஒரு ஆர்டுயினோ பலகையில் மாட்டி, நாலு வரி புரோகிராமால் சிமிட்ட வைக்கலாம். நேற்று கெபாசிட்டர் செய்த வேலையை இன்று எழுத்து செய்கிறது என்பது அப்போது விரலுக்கே புரியும். மூன்றாம் நாள் முதல் மேசைப் பிள்ளைகள் அடுத்த மேசைக்குச் சொல்லித் தர வேண்டும். நாம் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும்.

சாமான் வாங்க சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் செயலாளரிடம் சொல்லுங்கள், பட்டியல் தருகிறேன். பரணில் ஓடாத டிரான்சிஸ்டர் ரேடியோவோ டேப் ரெக்கார்டரோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கழற்றிப் பார்க்க முப்பது பேருக்கும் ஆளுக்கு ஒன்று வேண்டும்.